ஆச்சி வழி வந்த கால்கள்

உரைநடை: தன்னனுபவக் கட்டுரை

நுழையும் முன்

ஒருவருடைய தோற்றத்தைக் கொண்டே அவருடைய பழக்கவழக்கங்களை முடிவுசெய்துவிடுவது பலருக்கும் இயல்பு. அம்முடிவு உண்மையிலிருந்து எவ்வளவு விலகிச் செல்லக்கூடும் என்பதைத் திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை நடத்தும் பெண்மணி ஒருவர் தம் வாழ்க்கையைக் கொண்டே எடுத்துரைக்கிறார். நோயின் இயல்பு, அழுத்தக் காலுறையின் அறிவியல், அதனோடு வாழும் அன்றாடம் ஆகிய மூன்றையும் இப்பாடத்தில் காணலாம்.

நின்று பிழைக்கும் தெரு

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை நீளும் கடைத்தெருவுக்குச் சாலை என்றே பெயர். எல்லா வழிகளுக்கும் பொதுவான ஒரு சொல் இங்கே ஓர் இடத்தின் தனிப்பெயராக நிலைத்துவிட்டது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாசன் இச்சந்தையை அமைத்தார் என்பர். நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து வந்த வணிகக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இங்கே கடை வைத்துள்ளன. 1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரிப் பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு இடம் மாறினாலும் தமிழ் இத்தெருவை விட்டு நீங்கவில்லை. இன்றும் தோவாளைப் பூக்கள் இங்கே வந்து இறங்குகின்றன; ஒரே கடையில் தமிழிலும் மலையாளத்திலும் விலை பேசப்படுகிறது. எங்கள் ஜவுளிக்கடையும் அத்தகைய பழைய கடைகளுள் ஒன்று.

சாலை, நின்று பிழைப்போரின் தெரு. சுமை தூக்கும் தொழிலாளர் விடியுமுன்பே நடக்கத் தொடங்கிவிடுவர். பலசரக்குக் கடையில் பொட்டலம் கட்டுபவரும், பழக்குலைகளின் நடுவே விலை கூறுபவரும், எங்கள் கடையில் புடவை விரித்துக் காட்டும் பெண்களும் பொழுது சாயும்வரை நின்றவண்ணமே இருப்பர். மாலையில் எல்லாருடைய கால்களும் கனக்கும். என் கால்களோ காலையில் எழும்போதே கனத்திருக்கும். முப்பது ஆண்டுகளாக அந்தக் கனத்தின் காரணத்தை என்னிடம் கூற எவரும் இலர். ஆனால் அதற்கு விளக்கம் கூறியவர்கள் பலர்.

பதின்மூன்று வயதில்

எனக்குப் பதின்மூன்று வயதானபோது என் கால்கள் பருக்கத் தொடங்கின. இடுப்புக்கு மேலே நான் மெலிந்தவளாகவே இருந்தேன். தொடையும் கெண்டைக்காலும் மட்டும் இரு பக்கமும் ஒரே அளவாகத் திரண்டன. அத்திரட்சி கணுக்காலில் தண்டை அணிந்தாற்போல் ஒரு வளையமாக நின்றுவிடும். அதற்குக் கீழே பாதம் பழைய பாதமாகவே இருக்கும். விரலால் அழுத்தினால் வலிக்கும். கட்டில் விளிம்பு பட்டால்கூட நீலம் பாரித்துவிடும். எங்கே இடித்துக்கொண்டேன் என்பதே நினைவில் இராது.

அம்மாவைப் பெற்ற ஆச்சிக்கும் அதே கால்கள், அம்மாவுக்கும் அதே. ஆச்சி தம் கால்களை நீவிக்கொண்டே, “நம்ம வீட்டுப் பொம்பளைகளுக்குக் காலு இப்படித்தான் மக்கா” என்பார். அதைக் குறையாகவோ பெருமையாகவோ அவர் சொல்லவில்லை. வீட்டின் நிலைப்படி தாழ்வாக இருக்கிறது என்பதைச் சொல்வதுபோல் சொன்னார்.

ஆச்சி இயல்பென்று ஏற்றுக்கொண்டதை வெளியுலகம் குற்றமென்று எண்ணியது. சோற்றைக் குறைக்குமாறு உறவினர் கூறினர், குறைத்தேன். கொள்ளுக்கஞ்சி குடித்தேன். விடியற்காலையில் கோட்டைத் தெருக்களை நாள்தோறும் சுற்றி நடந்தேன். முகம் ஒட்டிப்போயிற்று, கைகள் மெலிந்தன, ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்க வேண்டியதாயிற்று. கால்கள் மட்டும் இளைக்கவில்லை. “முதலில் வாயைக் கட்டுங்கள், பிறகு மருந்தைப் பார்க்கலாம்” என்றார் மருத்துவர் ஒருவர். அன்று காலையிலிருந்து நான் ஒன்றும் உண்டிருக்கவில்லை. அதனை அவரிடம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

பிள்ளைப்பேற்றுக்குப் பின் கால்கள் மேலும் பருத்தன. கடைக்கு வருவோர் புடவையைப் பார்ப்பதற்கு முன் என் கணுக்காலைப் பார்ப்பதை நான் அறிவேன். மேசைக்குப் பின்னால் நிற்பதையே வழக்கமாக்கிக்கொண்டேன்.

யானைக்கால் என்னும் ஐயம்

கேரளத்தில் பருத்த காலைக் கண்டால் மனத்தில் முதலில் எழும் சொல் மந்து. யானைக்கால் நோய்க்கு மலையாளத்தில் அதுவே பெயர். நாறாணத்துப் பிராந்தனின் கதை இங்கே சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். சுடுகாட்டில் தோன்றிய காளி வரம் கேட்குமாறு வற்புறுத்துகிறாள். தன் வாழ்நாளில் ஒரு நாளைக் கூட்டுமாறு அவன் கேட்க, அது இயலாது என்கிறாள். ஒரு நாளைக் குறைக்குமாறு கேட்க, அதுவும் இயலாது என்கிறாள். அப்படியானால் ஒரு காலில் உள்ள மந்தை மற்றொரு காலுக்கு மாற்றித் தா என்கிறான் அவன். சிரிப்பூட்டும் அந்த வரத்தின் பின்னே, இந்நோயை ஊரெங்கும் கண்டு பழகிய மக்களின் வாழ்க்கை இருக்கிறது.

அப்பழக்கத்துக்குக் காரணமும் உண்டு. 1930களில் எம்.ஓ.டி. ஐயங்கார் என்னும் பூச்சியியல் அறிஞர் திருவிதாங்கூரில் இந்நோய் பரவும் முறையை விரிவாக ஆராய்ந்தார். சேர்த்தலைப் பகுதியின் குளங்களில் ஆகாயத்தாமரை அடர்ந்து மிதந்தது. தென்னைக்கு உரமாகும் என்பதால் மக்களே அதனை வளர்த்தனர். நோய்ப்புழுவைச் சுமக்கும் ஒருவகைக் கொசுவின் இளம்புழுக்கள் அச்செடியின் வேர்களைப் பற்றிக்கொண்டு மூச்சுவிட்டு வளர்ந்தன. நாடு முழுவதற்குமான யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955இல் தொடங்கியது. 1986 முதல் புதுச்சேரியின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் சேர்த்தலையில் பணியாற்றியது. குளங்களிலிருந்து செடிகளை அகற்றி மீன் வளர்க்க மக்களை ஊக்குவித்தது. காசர்கோட்டில் உள்ள பயன்முறைத் தோலியல் நிறுவனம், நிணநீர் வீக்கத்தால் வருந்துவோருக்குத் தோல் தூய்மை, ஆயுர்வேதம், யோகப் பயிற்சி, அழுத்தக் கட்டு ஆகியவற்றை இணைத்துச் சிகிச்சை அளித்து வருகிறது.

இத்தகைய நாட்டில் என் கால்களையும் மந்து என்று கருதியதில் வியப்பில்லை. இந்நோயின் நுண்புழுக்கள் பெரும்பாலும் இரவிலேயே குருதியில் மிகுதியாக உலவும். ஆதலால் பரிசோதனைக்கு இரவில்தான் குருதி எடுப்பார்கள். கடைகள் எல்லாம் சாத்திய பிறகு, தெரு விளக்கின் மஞ்சள் ஒளி விழும் எங்கள் திண்ணையில் அமர்ந்து நானும் விரலை நீட்டியிருக்கிறேன். முடிவில் புழு இல்லை என்றே வந்தது. நோய் இல்லை என்றால் மகிழ வேண்டும் அல்லவா? எனக்கோ அது வேறொரு தீர்ப்பாக ஒலித்தது. புழு இல்லை, ஆகவே சோறுதான் காரணம் என்று அனைவரும் முடிவுசெய்துவிட்டனர்.

நோய்க்கு ஒரு பெயர்

என் நாற்பத்து மூன்றாம் வயதில், நரம்பு சுருண்டிருக்கிறதா என்று பார்க்கச் சென்ற இடத்தில், குருதிக்குழாய் மருத்துவர் ஒருவர் என் கால்களை வெகுநேரம் ஆராய்ந்தார். பாதத்தின் இரண்டாம் விரலின் அடியில் உள்ள தோலைக் கிள்ளித் தூக்கிப் பார்த்தார். அது எளிதாக எழுந்தது. நிணநீர் வீக்கம் முற்றிய காலில் அவ்வாறு எழாது. கெண்டைக்காலை மெல்ல அழுத்தினார். நான் காலை இழுத்துக்கொண்டேன். “உங்கள் அம்மாவுக்கும் இப்படியா?” என்று கேட்டார். அதுவரை எந்த மருத்துவரும் என்னிடம் கேட்டிராத கேள்வி அது.

பிறகு ஒரு பெயரைச் சொன்னார்: லிப்பெடிமா. தோலுக்கு அடியிலுள்ள கொழுப்புத் திசு, குறிப்பாகக் கால்களில், இரு பக்கமும் ஒத்த அளவில் இயல்புக்கு மீறித் திரளும் நோய் இது. ஏறத்தாழ முழுவதும் பெண்களுக்கே வருகிறது. பூப்பு, பிள்ளைப்பேறு, மாதவிடாய் நிற்றல் ஆகிய காலங்களில் தொடங்கவோ மிகவோ செய்கிறது. குடும்ப வழியாக வருவதும் உண்டு. உணவைக் குறைத்தால் உடலின் பிற பகுதிகள் மெலியும். நோயுற்ற பகுதி அவ்வளவாக இளைக்காது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ஆலன், ஹைன்ஸ் என்னும் இருவர் 1940இலேயே இதனை விளக்கி எழுதியிருக்கின்றனர். ஆனால், உலகச் சுகாதார அமைப்பின் பன்னாட்டு நோய் வகைப்பாட்டில் 2022இல் நடைமுறைக்கு வந்த 11ஆம் பதிப்பில்தான் இந்நோய் தனிப்பெயரோடு இடம்பெற்றது.

பெயர் தெரிந்ததால் கால் ஓர் அங்குலமும் குறையவில்லை. எனினும் அன்று ஆட்டோவில் வீடு திரும்பும்போது, ஆச்சியையும் அம்மாவையும் நினைத்து அழுதேன். அவர்கள் இருவரும் அளந்து அளந்து உண்டவர்கள். ஆச்சி தம் காலை இயல்பு என்றார். ஊர் அதனைப் பெருந்தீனி என்றது. உண்மையில் அது ஒரு நோய். அந்த ஒரு சொல் மூன்று தலைமுறைப் பெண்களின் மீதிருந்த பழியை இறக்கி வைத்தது.

நீர் கற்பித்த பாடம்

மருந்தென்று மருத்துவர் எழுதித் தந்தது மாத்திரை அன்று, ஓர் ஆடை. காலை இறுகப் பற்றும் அழுத்தக் காலுறை. அது கொழுப்பைக் கரைக்காது என்பதை அவர் முதலிலேயே தெளிவாகச் சொன்னார். வலியைத் தணிக்கும், நிற்பதால் சேரும் நீர்வீக்கத்தைக் குறைக்கும், நடக்கையில் தளர்ந்த திசுவைத் தாங்கும். அவ்வளவே அதன் பணி.

அது எவ்வாறு செயற்படுகிறது என்பது எனக்கு விளங்காத செய்தியன்று. சிறுவயதில் நாஞ்சில்நாட்டில் உள்ள ஆச்சியின் ஊருக்குப் போகும்போதெல்லாம் குளத்தில் மார்பளவு நீரில் நெடுநேரம் நிற்பேன். அங்கே மட்டும் என் கால்கள் கனக்கா. ஆழம் மிகுமளவு நீரின் அழுத்தமும் மிகும் என்பதை நாம் பள்ளியில் படிக்கிறோம். நீரில் நிற்பவரின் கணுக்காலை நீர் மிகுதியாக அழுத்துகிறது. மேலே செல்லச் செல்ல அழுத்தம் குறைகிறது. அதனால் காலில் தேங்கும் நீர் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது.

ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பொறியாளர் கான்ராட் ஜோப்ஸ்ட் என்பவர் சிரைநோயால் துன்புற்றவர். நீச்சல் குளத்தில் நிற்கும்போது தம் கால்வலி தணிவதை அவர் கவனித்தார். நீர் செய்வதைத் துணி செய்ய இயலுமா என்று எண்ணி, கணுக்காலில் மிகுந்தும் மேலே படிப்படியாகக் குறைந்தும் அழுத்தும் காலுறையை 1950ஆம் ஆண்டளவில் உருவாக்கினார்.

இவ்வழுத்தம் குருதியழுத்தத்தைப் போலவே பாதரச மில்லிமீட்டரில் அளக்கப்படுகிறது. பரவலாக வழங்கும் ஜெர்மானிய வகைப்பாட்டின்படி, இரண்டாம் வகுப்புக் காலுறை கணுக்காலில் 23 முதல் 32 மில்லிமீட்டர் வரை அழுத்தும். ஒரு மீட்டர் ஆழ நீரின் அழுத்தம் ஏறத்தாழ 74 மில்லிமீட்டர். ஆகவே என் காலுறை எனக்குத் தருவது ஓரடி முதல் ஒன்றரையடி ஆழ நீரின் அரவணைப்பு. ஆச்சி ஊர்க் குளத்தின் கரையோரப் படியை நாள் முழுவதும் காலில் அணிந்திருக்கிறேன் எனலாம்.

நெசவும் பின்னலும்

துணி வணிகக் குடும்பத்தில் பிறந்தவளாதலின், காலுறையைக் கையில் வாங்கியதும் அதன் இழையையே முதலில் பார்த்தேன். எங்கள் கடையின் பெருமை பலராமபுரம் கைத்தறி. பலராமவர்மா மன்னரின் ஆட்சிக்காலத்தில் (1798–1810) குடியமர்த்தப்பட்ட சாலிய நெசவாளரின் வழிவந்தோர் நெய்யும் துணி அது. பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதே நெசவு. அத்துணி மடியும், ஆனால் நீளாது. பின்னலாடையோ கண்ணி கண்ணியாகக் கோக்கப்படுவது. இழுத்தால் கண்ணிகள் விரிந்து கொடுக்கும், விட்டால் மீளும். காலுறை இவ்வகையைச் சேர்ந்தது.

பின்னலிலும் இருவகை உண்டு. திருப்பூர்ப் பனியன் துணியைப்போல் குழாய் வடிவில் சுற்றிச் சுற்றிப் பின்னுவது வட்டப்பின்னல். அதில் தையல் இராது. கண்ணிகளின் எண்ணிக்கையும் மேலிருந்து கீழ்வரை பெரும்பாலும் ஒன்றே. கணுக்கால் மெலிந்தும் கெண்டைக்கால் பருத்தும் உள்ள என்னைப் போன்றவருக்கு அது ஒத்துவராது. மடிப்பு விழும் இடத்தில் சுருண்டு, கயிறு கட்டினாற்போல் தோலை அறுக்கும். தட்டைப்பின்னல் வரிசை வரிசையாகப் பின்னப்படுவது. காலின் அளவுக்கேற்ப ஒவ்வொரு வரிசையிலும் கண்ணிகளைக் கூட்டலாம், குறைக்கலாம். பின்னி முடித்தபின் பின்புறம் தைத்து இணைப்பர். துணி சற்றுத் தடித்திருக்கும், அழகு குறைவு, ஆனால் மடிப்புகளுக்குள் புகுந்து வெட்டாது.

இதற்கு அளவெடுப்பது ரவிக்கைக்கு அளவெடுப்பதைவிடக் கடினம். வீக்கம் ஏறுவதற்கு முன், காலைப்பொழுதில் அளக்க வேண்டும். கணுக்கால், கெண்டைக்கால், முழங்காலின் கீழ், நடுத்தொடை என ஒவ்வோரிடத்தின் சுற்றளவும் உயரமும் குறிக்கப்படும். அளவெடுத்த பெண், எண்களை உரக்கப் படிக்காமல் தானே குறித்துக்கொண்டாள். அந்தச் சிறு நாகரிகத்துக்கு நான் இன்றும் நன்றியுடையவள்.

அன்றாடம்

என் நாள் காலுறையோடு தொடங்குகிறது. படுக்கையை விட்டு எழுந்து குளித்து, உடலை நன்கு துடைத்து உலர்த்திய பின்பே அதனை அணிய இயலும். ஈரத் தோலில் அது ஏறாது. எண்ணெய் தடவினால் மீள்இழை கெடும் என்பதால் அப்பழக்கத்தை இரவுக்கு மாற்றிக்கொண்டேன். பாத்திரம் துலக்க அணிவது போன்ற ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, குதிகாலை முதலில் பொருத்தி, உள்ளங்கையால் சிறிது சிறிதாக மேலே நீவ வேண்டும். நகம் பட்டால் இழை அறுந்துவிடும். தொடக்கத்தில் இதற்கு அரைமணி நேரம் ஆயிற்று. வியர்த்து, மூச்சு வாங்கி, மறுபடியும் குளிக்கலாமா என்று தோன்றும். இப்போது பத்து நிமிடத்தில் முடிகிறது.

நம் ஊரின் வெப்பமும் ஈரக்காற்றும் இவ்வாடைக்குப் பகை. மீனமாதத்து நண்பகலில் புடவைக்கு உள்ளே இன்னொரு தடித்த தோலைப் போர்த்தியிருப்பது எளிதன்று. முழங்காலின் பின்புறம் வேர்க்குரு தோன்றும். கடையில் மின்விசிறிக்கு நேராக என் இருக்கையை மாற்றிக்கொண்டேன். மணிக்கொருமுறை எழுந்து கடையின் கோடிவரை நடப்பேன். கெண்டைக்கால் தசை இயங்கும்போதுதான் காலுறை முழுப்பயன் தரும் என்பதால் அந்நடையும் மருத்துவத்தின் ஒரு பகுதியே.

இரவில் கழற்றியதும் மென்மையான சவர்க்காரத்தில் கையால் அலச வேண்டும். முறுக்கிப் பிழியலாகாது, வெயிலில் உலர்த்தலாகாது. துவாலையில் சுருட்டி அழுத்தி நிழலில் விரிக்க வேண்டும். இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் இரண்டு நாளானாலும் காயாது. இரண்டு இணை இருந்தால்தான் ஒன்று காலிலும் ஒன்று கொடியிலுமாகக் காலம் ஓடும். மீள்இழை தளர்ந்துவிடுவதால் ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதியது வாங்க வேண்டும். விலையோ ஆயிரக்கணக்கில் ஆகும். ஓணத்து வரவில் ஒரு பங்கை ஆண்டுதோறும் இதற்கென எடுத்துவைக்கிறேன். அவ்வாறு எடுத்துவைக்க இயலாதவர்கள் இத்தெருவிலேயே பலர் இருக்கக்கூடும் என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

ஒன்றைக் கட்டாயம் கூற வேண்டும். பிறர் அணிவதைக் கண்டு தாமே வாங்கி அணியும் ஆடை அன்று இது. தமனியில் அடைப்பு உள்ளவருக்கும், நீரிழிவால் காலின் உணர்வு குன்றியவருக்கும் இறுக்கமான உறை தீங்கு செய்யக்கூடும். பாதத்தின் நாடியைச் சோதித்த பின்பே மருத்துவர் எனக்கு எழுதித் தந்தார். விரல்கள் மரத்தாலோ நிறம் மாறினாலோ உடனே கழற்றிவிட வேண்டும்.

இத்தனை தொல்லைக்கும் ஈடாக அது தருவது என்ன? முன்பெல்லாம் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் என்னால் நிற்க இயலாது. இப்போது விளக்கு வைக்கும் நேரத்திலும் நின்று புடவை விரித்துக் காட்டுகிறேன். மாடிப்படி ஏறுகிறேன். ஆற்றுகால் பொங்கலையின்போது நகரத்துத் தெருக்களில் பெண்கள் மூன்று செங்கல் அடுக்கிப் பொங்கலிடுவர். வெயிலையும் அடுப்பின் அனலையும் தாங்க இயலாமல் பல ஆண்டுகளாக நான் அதனைத் தவிர்த்து வந்தேன். ஓராண்டு, வாசற்படியில் சிறு முக்காலி போட்டு அமர்ந்து நானும் பொங்கலிட்டேன். பக்கத்து அடுப்பைக் காத்திருந்த வெளியூர்ப் பெண்மணி ஒருவர், புடவை விலகியபோது உறையைக் கண்டுவிட்டார். “காலில் என்ன சேச்சி?” என்று மலையாளத்தில் கேட்டார். “கொழுப்பு சேரும் ஒரு நோய், வலிக்காமல் இருக்க இதை அணிகிறேன்” என்றேன். அவர் தலையசைத்தார், பிறகு குனிந்து என் பானையை இறக்கிவைத்துவிட்டுத் தம் அடுப்புக்குத் திரும்பினார். நோய்க்கு ஒரு பெயர் இருந்ததால் என்னால் விடை கூற முடிந்தது. விடை கிடைத்ததால் அவரால் உதவ முடிந்தது.

அடுத்த தலைமுறை

என் தம்பி மகள் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். ஓட்டப்பந்தயத்தில் ஆர்வமுடையவள். சென்ற ஆண்டு திடீரென விளையாட்டை விட்டுவிட்டாள். பிறகு இரவுச் சோற்றையும் விட்டாள். காரணம் கேட்டால் பசியில்லை என்பாள். ஒருநாள் மாலை கடைக்கு வந்தவள், நான் காலுறையைச் சரிசெய்துகொண்டிருந்ததைப் பார்த்தபடி நின்றாள்.

“அத்தை, நீங்கள் சின்ன வயசில் நிறையச் சாப்பிடுவீர்களா?” என்று கேட்டாள்.

அக்கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு உடனே விளங்கியது. அவளுடைய கணுக்காலில் தோன்றத் தொடங்கியிருந்த வளையத்தையும் அப்போதுதான் கண்டேன். விளையாட்டு உடையில் அவளைக் கண்ட தோழியர் சிலர் ஏதோ பெயர் சூட்டியிருக்கின்றனர். அப்பெயரை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கடையை அன்று சற்று முன்னதாகவே சாத்தினோம். ஆச்சியின் கால்களைப் பற்றியும், இரவில் எடுத்த குருதியைப் பற்றியும், நீரின் அழுத்தத்தைப் பற்றியும் அவளுக்குச் சொன்னேன். அவளுக்கும் இதே நோய்தானா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். அதுவரை பட்டினி கிடப்பதால் பயனில்லை என்றேன். மறுவாரம் அவளை அதே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். நோயின் தொடக்கநிலை என்றார் அவர். நன்றாக உண்ணவும், ஓடுவதை நிறுத்தாமல் இருக்கவும், நீந்தக் கற்றுக்கொள்ளவும் கூறினார். விளையாடும்போது அணிய மென்மையான ஓர் உறையையும் எழுதித் தந்தார். என் வாழ்வில் முப்பது ஆண்டுகள் எடுத்த செய்தி அவளுக்கு ஒரு மாதத்தில் கிடைத்துவிட்டது. அன்றிரவு அவள் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கி உண்டாள் என்று தம்பி மனைவி தொலைபேசியில் சொன்னாள்.

அழுத்தக் காலுறை என் நோயைத் தீர்க்கவில்லை; தீர்க்கப்போவதும் இல்லை. காலையில் அணிந்து இரவில் கழற்றுவதால் அதன் இறுக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. பிறர் சொல்லின் இறுக்கத்துக்கு அத்தகைய எல்லை இல்லை. ஒருவர் பருத்திருப்பதற்கும் மெலிந்திருப்பதற்கும் நம் கண்ணுக்குத் தெரியாத காரணங்கள் எத்தனையோ இருக்கலாம். அவற்றை ஆராய்வது மருத்துவரின் பணி. உடன் படிப்பவரும் உடன் வாழ்பவரும் செய்யத்தக்கது ஒன்றுண்டு: எவ்வளவு உண்கிறீர்கள் என்று கேட்பதை விடுத்து, வலிக்கிறதா என்று கேட்கலாம்.

சொல்லும் பொருளும்

நிலைப்படி – வாயிற்காலின் அடிப்படி
பூப்பு – பெண் பருவம் எய்துதல்
நிணநீர் – திசுக்களிடையே ஊறி, தனிக்குழாய்கள் வழியே குருதியில் சேரும் நீர்
சிரை – குருதியை இதயத்துக்குக் கொண்டுசெல்லும் குழாய்
தமனி – இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும் குழாய்
பாவு, ஊடை – நெசவில் நெடுக்கிலும் குறுக்கிலும் ஓடும் இழைகள்
மீள்இழை – இழுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் நூல்
இடவப்பாதி – மலையாள இடவ மாதத்தின் நடுவில் தொடங்கும் மழைக்காலம்

பயிற்சி

1. நோயைப் பற்றி ஆச்சி கூறியதற்கும் ஊரார் கூறியதற்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
2. ‘புழு இல்லை’ என்னும் முடிவு கட்டுரையாளருக்கு ஏன் மகிழ்ச்சி தரவில்லை?
3. நீரின் அழுத்தத்தையும் காலுறையின் அழுத்தத்தையும் ஒப்பிட்டு விளக்குக.
4. வட்டப்பின்னல், தட்டைப்பின்னல் ஆகியவற்றின் வேறுபாடுகளை அட்டவணைப்படுத்துக.
5. அளவெடுத்த பெண்ணின் செயலைக் கட்டுரையாளர் ‘நாகரிகம்’ என்று குறிப்பிடுவது ஏன்? இதுபோன்று நீங்கள் கண்ட ஒரு செயலைப் பத்து வரிகளில் எழுதுக.
6. பிரித்து எழுதுக: நன்றியுடையவள், கணுக்காலில், முப்பதாண்டு, அவ்வழுத்தம்.